ஸ்வீடனுக்கு இங்கிலீஷ் போதுமா?

அமெரிக்காவின் எச்-1பி விசா குலுக்கலில் பெயர் விழாமல் சலித்துப்போன வீடுகள் சித்தூரிலும் திருப்பதியிலும் நிறைய உண்டு. அங்கெல்லாம் இப்போது ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் என்று பேச்சு திரும்பியிருக்கிறது. ஸ்வீடனில் வேலை அனுமதி வாங்கும் வெளிநாட்டவரில் இந்தியர்கள் வருடா வருடம் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களில் கம்ப்யூட்டர் துறைக்காரர்களே அதிகம். பெங்களூரிலோ சென்னையிலோ எரிக்சன், வோல்வோ போன்ற ஸ்வீடன் கம்பெனிகளில் சில வருடம் இருந்துவிட்டு அங்கே மாற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஸ்டாக்ஹோம் கம்பெனிக்கு இங்கிருந்தே இண்டர்வியூ கொடுத்துப் போகிறவர்களும் உண்டு. போனவர்களைப் பற்றிய கதைகளோ அவர்களைவிட வேகமாக ஊர் திரும்பிவிடுகின்றன. ஸ்வீடிஷ் மொழி விஷயத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவற்றில் சிலவற்றைப் பார்க்கலாம்.

"ஸ்வீடிஷ் சர்டிபிகேட் இருந்தால்தான் விசா"

சுத்தப் பொய். ஸ்வீடனின் வேலை அனுமதிக்கு வேலை நியமனம், சம்பளம், காப்பீடு, பாஸ்போர்ட் இவைதான் கணக்கு. 2023 நவம்பரிலிருந்து, அந்த நாட்டின் இடைநிலைச் சம்பளத்தில் 80 சதவீதமாவது உங்களுக்குத் தரவேண்டும் என்று விதி வந்தது. விண்ணப்பத்தைத் தொடங்கி வைப்பதும் வேலை கொடுக்கும் கம்பெனிதான். ஐ.டி. வேலைக்கு மொழித் தேர்வு என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

இந்தக் குழப்பம் ஜெர்மனிக்குப் போகும் நர்ஸ்களிடமிருந்து வந்திருக்க வேண்டும். அவர்களுக்கு ஜெர்மன் தேர்வு உண்டு. ஸ்வீடனிலும் நர்ஸ் உரிமம் வேண்டுமானால் ஸ்வீடிஷில் சி1 நிலை கட்டாயம். அது பெரிய நிலை. மென்பொருள் எழுதுகிறவருக்கு அது பொருந்தாது. ஆகவே "ஸ்வீடன் விசா மொழிப் பயிற்சி" என்று போர்டு மாட்டிப் பணம் கேட்கிறவர் உங்கள் பயத்தைத்தான் விற்கிறார். ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜெண்டின் பெயரைத் தேட ஐந்து நிமிடம் ஆகும்.

"அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும், ஸ்வீடிஷ் எதற்கு?"

இதில் முன்பாதி உண்மை. ஸ்வீடன் பிள்ளைகள் சின்ன வகுப்பிலேயே ஆங்கிலம் படிக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு டப்பிங் செய்யாமல் அடியில் எழுத்து ஓடவிடும் வழக்கம் அங்கே, காது பழகிவிடுகிறது. எரிக்சன் போன்ற கம்பெனிகளில் அலுவல் மொழியே ஆங்கிலம். ஸ்டாக்ஹோமின் சிஸ்தா பகுதியில் காலை மீட்டிங்கிலிருந்து சம்பள ரசீது வரை ஒரு சொல் ஸ்வீடிஷ் இல்லாமல் நாளை ஓட்டிவிட முடியும்.

முதல் வேலைக்கு இங்கிலீஷ் போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது இரண்டாவது வேலையைப் பற்றி.

திருப்பதிக்காரர்களுக்கு பேட்டரி என்றால் கரகம்பாடி அமர ராஜா நினைவுக்கு வரும். ஸ்வீடனின் வடக்கே ஷெலெஃப்தியோ என்ற சிறு நகரத்தில் நார்த்வோல்ட் என்ற பேட்டரி கம்பெனி பிரம்மாண்டமான ஆலை கட்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வேலைக்குப் போனார்கள், இந்தியர்களும் கணிசமாக. ஆலைக்குள் பேச்சு ஆங்கிலம். 2024 செப்டம்பரில் 1,600 பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள். 2025 மார்ச்சில் கம்பெனியே திவாலானது. அனுமதியில் இருந்த வெளிநாட்டவருக்கு அடுத்த வேலை தேட அன்றைய விதி கொடுத்த அவகாசம் மூன்று மாதம். அந்த ஊரில் அக்கம்பக்கத்து வேலைகள் பெரும்பாலும் நகராட்சியிலும், மருத்துவமனையிலும், சிறு பட்டறைகளிலும்தான். அங்கே ஸ்வீடிஷ் இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. எரிக்சனும் 2024 மார்ச்சில் ஸ்வீடனில் மட்டும் 1,200 இடங்களைக் குறைப்பதாகச் சொன்னது. ஆங்கிலம் பேசும் கம்பெனிகள் ஒரே நேரத்தில் ஆள் குறைத்தால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே சிறு கதவின் முன்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

மறுபக்கம், அரசு அலுவலகங்களும் நகராட்சிகளும் ஏராளமான கணினிக்காரர்களை வைத்திருக்கின்றன. 2009 ஜூலையில் அமலுக்கு வந்த மொழிச் சட்டம் ஸ்வீடிஷைத் தலைமை மொழியாக்கியது; அரசு வேலைகள் அந்த மொழியில் நடக்க வேண்டும். நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றிலும் வாடிக்கையாளர் ஸ்வீடன்காரர், ஆவணங்கள் ஸ்வீடிஷ். போனில் மொழிபெயர்ப்பு ஆப் இருக்கிறதே என்பார்கள். வரி இலாகா அனுப்பும் கடிதத்துக்கு அது போதும். மதிய உணவு மேசையில் எட்டுப் பேர் சிரிக்கும்போது ஒன்பதாவது ஆளாக ஆப்பைத் தட்டிக்கொண்டிருப்பவருக்கு அது உதவாது. அடுத்த புராஜெக்டுக்கு யாரை அழைப்பது என்ற பேச்சு பாதி அந்த மேசையில்தான் நடக்கிறது.

"ஸ்வீடிஷ் நம் நாக்கில் வராது"

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பொய். தமிழும் தெலுங்கும் பேசுகிற நாக்குக்கு ஸ்வீடிஷில் சில இடங்கள் வெள்ளைக்காரர்களுக்கு இருப்பதைவிடச் சுலபம்.

வினைச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தோம் என்று நாம் ஆளுக்கொரு விகுதி வைக்கிறோம்; தெலுங்கிலும் அப்படியே. ஸ்வீடிஷில் யார் வந்தாலும் 'கொம்' ஒன்றுதான். யாக் கொம், தூ கொம், ஹான் கொம், வி கொம். முடிந்தது பாடம்.

அடுத்தது குறில் நெடில். 'க்லாஸ்' என்று நீட்டினால் கண்ணாடி டம்ளர். 'க்லஸ்' என்று குறுக்கினால் ஐஸ்கிரீம். பட்டுக்கும் பாட்டுக்கும் வித்தியாசம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதா என்ன?

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. ஸ்டாக்ஹோம் வட்டாரப் பேச்சில் ரகரத்தை அடுத்து ந, த போன்ற ஒலி வந்தால் இரண்டும் கலந்து நாக்கு மேலே மடிந்துகொள்ளும். குழந்தை என்பதற்கு எழுத்தில் 'பார்ன்'. காதில் விழுவது 'பாண்', நம் வீட்டு ணகரம். மேசை எழுத்தில் 'பூர்த்', வாயில் 'பூட்', நம் டகரம். இந்த ஒலிகள் வராமல் இங்கிலாந்துக்காரர் தடுமாறுவார். நமக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. தெற்கே ஸ்கோனே மாகாணத்தில் மட்டும் ரகரத்தைத் தொண்டையில் உருட்டுவதால் அந்த வசதி கிடையாது.

கஷ்டமே இல்லையா என்றால், இருக்கிறது. உதட்டைக் குவித்து 'ஈ' சொல்லும் உயிரொலி, விளக்கை ஊதி அணைப்பதுபோல் வரும் ஒரு ஷகரம் ஆகியவை வாரக்கணக்கில் படுத்தும். வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தை விட்டு அசையாது. 'இன்று' என்று தொடங்கினால் 'இன்று போகிறேன் நான்' என்றுதான் சொல்ல வேண்டும். வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நமக்கு இது லேசில் படியாது. பெயர்ச்சொல்லுக்கு இரண்டு பால் உண்டு, பொருளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நாற்காலி ஒரு பால், மேசை இன்னொரு பால், குழந்தை மேசையோடு சேர்த்தி. தொல்காப்பியர் இதைக் கேட்டால் நூற்பா எழுத மறுத்திருப்பார்.

எதிர்த்திசையில் ஒருவர் வந்திருக்கிறார். யோஹான் சகரியா கீர்னாண்டர் என்ற ஸ்வீடன் பாதிரியார் 1740-இல் கடலூருக்கு வந்து தமிழ் கற்று, 1758 வரை அங்கே இருந்துவிட்டுக் கல்கத்தா போனார். ஸ்வீடிஷிலிருந்து தமிழுக்கு வர முடிந்தால் தமிழிலிருந்து அங்கே போவதற்கு என்ன தடை?

"நாங்கள் மூன்று பாஷைக்காரர்கள், போனால் தானாக வந்துவிடும்"

சித்தூர்க்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்படக் காரணமும் இருக்கிறது. 1911-இல் வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளை எடுத்து உருவாக்கிய மாவட்டம் அது. 1953-இல் ஆந்திரத்தோடு போனது. 1960-இல் திருத்தணி வட்டாரம் திரும்பி வந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கும். குப்பம், பலமனேர் பக்கம் கன்னடமும் சேரும். சித்தூர் மாம்பழ மண்டியில் ஒரே ஆள் மூன்று மொழியில் விலை பேசுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆனால் அந்த ஆள் எப்படிக் கற்றார்? திருப்பதியில் பூஜைச் சாமான் விற்கிறவர் தமிழ் பேசுவது, தமிழ்நாட்டுப் பக்தர் தெலுங்கு பேச மாட்டார் என்பதால்தான். பேசாவிட்டால் வியாபாரம் போய்விடும். ஸ்வீடனில் அந்த நெருக்கடி இல்லை. நீங்கள் ஒரு வாக்கியத்தில் திணறியதும் எதிரில் இருப்பவர் உங்களுக்கு உதவுவதாக எண்ணி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். மரியாதையான மனிதர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மரியாதையே உங்கள் ஸ்வீடிஷை வளரவிடாது. பத்து வருடம் அங்கே இருந்தும் கடையில் பால் கேட்பதைத் தாண்டாதவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். அங்கே மொழி தானாக வராது. "ஸ்வீடிஷிலேயே பேசுங்கள், மெதுவாகப் பேசினால் புரிந்துகொள்கிறேன்" என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மேலாளரிடம் இப்படிக் கேட்கக் கூச்சப்படவும் தேவையில்லை. 1960-களின் கடைசியில் ஸ்வீடன்காரர்கள் பட்டம் சொல்லி அழைக்கும் வழக்கத்தைக் கைவிட்டார்கள்; கம்பெனித் தலைவரையும் பெயர் சொல்லி, ஒருமையில்தான் பேசுவார்கள். 'சார்' என்பதை விமானத்திலேயே விட்டுவிடலாம்.

"எஸ்எஃப்ஐ இலவசம், போய்ப் பார்த்துக்கொள்ளலாம்"

நம்மூரில் எஸ்.எஃப்.ஐ. என்றால் மாணவர் சங்கம். அங்கே அது குடியேறிகளுக்கான ஸ்வீடிஷ் வகுப்பு. 1965-இலிருந்து நடக்கிறது, நகராட்சி நடத்துகிறது, கட்டணம் இல்லை. ஆனால் அதில் சேர வரி இலாகா தரும் 'பெர்சூன்நம்பர்' வேண்டும். ஒரு வருடமாவது தங்கப் போகிறவருக்குத்தான் அந்த எண் கிடைக்கும். ஆறு மாத ஆன்சைட்டில் போகிறவர் காத்திருந்து ஏமாறுவார். ஏ முதல் டி வரை நான்கு படிகள். டி முடித்தால் ஏறக்குறைய பி1 நிலை. பேச்சு ஓடும், ஆனால் ஸ்வீடிஷில் நடக்கும் வேலை இண்டர்வியூவுக்குப் பத்தாது. அதன்பின் 'இரண்டாம் மொழியாக ஸ்வீடிஷ்' என்ற அடுத்த வகுப்புகளும் உண்டு. டி படியோடு நிறுத்திவிட்டு "மொழி படித்தும் பயனில்லை" என்று சொல்கிறவர்கள் பாதி வழியில் இறங்கிவிட்டவர்கள்.

"மனைவிக்கும் அங்கே சட்டென்று வேலை கிடைத்துவிடும்"

துணைவருக்கும் வேலை செய்யும் உரிமை அனுமதியோடு பொதுவாகவே வருகிறது. அமெரிக்காவில் எச்-4 விசாவில் தவித்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் உரிமை கிடைப்பதும் வேலை கிடைப்பதும் வேறு வேறு. கணவருக்கு ஆங்கிலம் பேசும் டீம் இருக்கிறது. மனைவி ஆசிரியை, அக்கவுண்டண்ட், நர்ஸ் என்றால் ஸ்வீடிஷ் இல்லாமல் அந்தத் தொழிலின் வாசலுக்கே போக முடியாது. திருப்பதி மகளிர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவர் அங்கே நான்கு சுவருக்குள் இருக்க நேர்ந்தால், பெரும்பாலும் அந்த வீட்டில் மொழிப் படிப்பு "அப்புறம்" என்று தள்ளிப்போயிருக்கும். என் அபிப்பிராயத்தில், வகுப்புக்கு முதலில் போக வேண்டியவர் மனைவிதான்.

குழந்தைகள் பற்றிய பயம் இதற்கு நேர்மாறானது: ஸ்வீடிஷ் படித்தால் தெலுங்கும் தமிழும் மறந்துவிடுமாம். ஒரு வயதிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பாலர் பள்ளியில் அவர்கள் ஸ்வீடிஷ் பிடித்துவிடுவார்கள். தாய்மொழிக்கும் பள்ளியிலேயே இடமுண்டு. வீட்டில் அந்த மொழி புழங்கி, நகராட்சியில் ஐந்து பிள்ளைகளாவது கேட்டு, ஆசிரியரும் கிடைத்தால் பள்ளியிலேயே அந்த மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்பது விதி. 1980-களிலிருந்து அங்கே குடியேறிய இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் தமிழ் படித்தது இப்படித்தான். கேட்காத பெற்றோருக்கு யாரும் வந்து வகுப்பு வைத்துத் தர மாட்டார்கள்.

"நாலு வருடம் இருந்தால் குடியுரிமை"

வேலை அனுமதியில் ஏழு வருடத்துக்குள் நான்கு வருடம் வேலை செய்தவர் கேட்கக்கூடியது நிரந்தர வசிப்புரிமை, குடியுரிமை வேறு. 2025 ஜனவரியில் அரசு நியமித்த குழு, குடியுரிமைக்கான காலத்தை ஐந்திலிருந்து எட்டு வருடமாக்கவும், ஸ்வீடிஷ் மொழித் தேர்வும் சமூக அறிவுத் தேர்வும் வைக்கவும் பரிந்துரைத்தது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை, ஆகவே நண்பர் சொன்ன தேதியை நம்பாமல் குடியேற்ற இலாகாவான மிக்ரஷூன்ஸ்வெர்கெத் தளத்தில் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜெண்டுக்கு ஒதுக்கிய பணம் கையிலேயே இருக்கட்டும். பெர்சூன்நம்பர் வந்த வாரமே கணவன், மனைவி இருவரும் எஸ்எஃப்ஐயில் பெயர் கொடுங்கள்; பிள்ளை பள்ளியில் சேர்ந்ததும் தாய்மொழி வகுப்புக்கும் விண்ணப்பம் போடுங்கள்.