தப்பு காயும்வரை பொறுத்திருங்கள்
மலையகத்தில் ஆட்டத்தைப் பகிர முன்வரும் இளையோருக்கு

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஹட்டன் பக்கமும் நுவரெலியாப் பக்கமும் தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஆட்டம் பழக்க வேண்டும், நம் கூத்தை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும், மற்றவர்களின் ஆட்டத்தை நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று உங்களில் பலர் கிளம்பியிருக்கிறீர்கள். ஒரு நாள் கண்டிய நடன மாஸ்டரோடு வருவீர்கள். இன்னொரு நாள், காலணியில் உலோகத் தகடு பொருத்தித் தாளம் தட்டும் டாப் டான்ஸ் கலைஞரையும் அழைத்து வரக்கூடும். யாரோடு வந்தாலும் சந்தோஷம். காமன் கூத்தில் ஆடி, பிறகு ஆட்டுவித்து வயதானவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் கூத்து நடக்கும் காமன் பொட்டலில் போய் நில்லுங்கள். உங்கள் திட்டத்தை மாசி மாதம் வரை தள்ளி வைக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும்போது கம்பம் ஊன்றுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை லயத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் குறைவு. பகலில் மலையில் கொழுந்து எடுத்தவர், கவ்வாத்து வெட்டியவர், இராத்திரியில் ரதியாகவும் மன்மதனாகவும் தூதனாகவும் வீரபத்திரனாகவும் எமனாகவும் வந்து நிற்பார். சிவனின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் எரிந்துபோகிறான், ரதி அழுகிறாள், அவன் மீண்டும் எழுகிறான். கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்த கதைக்காக ஒரு தோட்டமே விடிய விடியப் பனியில் உட்கார்ந்திருப்பது ஏன் என்று அங்கே நின்று பார்த்தால்தான் விளங்கும். ஆடுகிறவரின் காலைப் பாருங்கள். சலங்கை கட்டிய கால் தப்போடு பேசுகிறது. தப்பு ஒன்று கேட்க, கால் ஒன்று சொல்லும். காலால் தாளம் போடும் கலையைப் புதிதாகக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறோம் என்று நினைத்திருந்தால், அந்த இராத்திரியோடு அந்த நினைப்புப் போய்விடும். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் ஆடுகிற தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றையும் தேடிப்போய்ப் பாருங்கள்.

2. தப்பு காயும்வரை பொறுத்திருங்கள். நம் ஊர் மூடுபனியில் தோல் இளகித் தொங்கிவிடும். அடித்தால் சத்தம் எழும்பாது. மிலாறு என்கிற காய்ந்த தேயிலைக் கிளைகளைப் பற்றவைத்து, தீயில் தப்பைக் காட்டி, திருப்பித் திருப்பி விரலால் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இடையில் மழை தூறினால் மறுபடியும் காய்ச்ச வேண்டும். காலை ஒன்பதுக்கு அறிமுகம், ஒன்பதரைக்குப் பயிற்சி, பத்தரைக்குத் தேநீர் என்று கடதாசியில் எழுதிக்கொண்டு வருகிறீர்கள். அதிலே தீ மூட்டும் நேரத்தையும் எழுதுங்கள். பிள்ளைகளை அந்தத் தீயைச் சுற்றி உட்கார வையுங்கள். கூத்து மாஸ்டர் பழைய கதைகளைச் சொல்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

3. தப்பு அடிப்பவருக்கு முதல் இடம் கொடுங்கள். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். விடியுமுன் பெரட்டுக்கு, வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிட்டது தப்பு. கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு, சாவுக்கு, எல்லாவற்றுக்கும் தப்பு. ஆனால் அதை அடித்தவரைச் சாதி சொல்லி இஸ்தோப்புக்கு வெளியே நிறுத்தியதும் இதே லயங்கள்தான். அவருடைய பேரன் இன்று தப்பைத் தொட வெட்கப்படுகிறான் என்றால், அந்த வெட்கத்தை நாம்தான் அவனுக்குக் கொடுத்தோம்.

பக்கத்திலும் இதே கதைதான். கண்டிய நடனம் இலங்கையின் அடையாளமாகி உலக மேடைகளுக்குப் போனது. அந்த ஆட்டத்தையும் கெட்ட பெரய என்ற மேளத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்த பெரவாக் குலத்தார் கிராமத்தில் கீழேதான் வைக்கப்பட்டிருந்தார்கள். அமெரிக்காவில் டாப் ஆட்டத்தை வளர்த்த கறுப்பின மக்களுக்கும் அதுவே நடந்தது. பில் ராபின்சன் என்ற மேதை 1935-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் சிறுமி ஷேர்லி டெம்பிளோடு படிக்கட்டில் ஆடிக் காட்டினார். உலகமே பார்த்து வியந்தது. அவ்வளவு பெரிய கலைஞர் அந்தப் படத்தில் வீட்டு வேலைக்காரராகத்தான் வர முடிந்தது.

ஆகவே உங்கள் நோட்டீசில் தப்பு அடிப்பவரின் பெயர் வெளியூர் நடன மாஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரட்டும். இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, ஒரே மாதிரிக் கோப்பை. வெளியூர்க்காரருக்குச் சம்பளம், இவருக்கு மட்டும் சால்வை என்று இருக்கக் கூடாது. இவருக்கும் சம்பளம்தான்.

4. டாப் டான்ஸ் சொல்லிக்கொடுப்பதாக இருந்தால், காலணியை மாட்டுமுன் அது பிறந்த கதையைச் சொல்லுங்கள். 1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் முரசு கொட்டிக் கிளர்ந்து எழுந்தார்கள். அது நசுக்கப்பட்டது. மறு ஆண்டே அங்கே அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. முரசு போனபின் தாளத்தைக் கையிலும் தொடையிலும் குதிகாலிலும் காப்பாற்றி வைத்தார்கள். பின்னாளில் பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக்காரரின் ஜிக் ஆட்டமும், இங்கிலாந்து ஆலைத் தொழிலாளரின் மரச்செருப்பு ஆட்டமும் அதோடு கலந்தன. 1840-களில் நியூயோர்க்கின் ஏழைத் தெருக்களிலிருந்து மாஸ்டர் ஜூபா என்று பெயர் வாங்கிய வில்லியம் ஹென்றி லேன் புறப்பட்டார். கரும்பும் பருத்தியும் விளைந்த தோட்டங்களில் பாடுபட்டவர்களின் ஆட்டம் அது. கோப்பிக்கும் தேயிலைக்கும் கூட்டிவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நீட்டி விளக்க வேண்டியதில்லை, சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

5. தரையைக் கவனியுங்கள். சீமெந்துத் தரையில் டாப் ஆடினால் முழங்காலும் கணுக்காலும் கெட்டுப்போகும். சட்டம் அடித்து, அதன்மேல் தடித்த பிளைவுட் பலகை போட்டு, கால் வைத்தால் சற்றே கொடுக்கிற மாதிரித் தளம் செய்துகொள்ளுங்கள். ஈரம் பட்டால் வழுக்கும். துடைக்கத் துணி வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் காலணி இல்லை என்றால் யாருக்கும் வேண்டாம். வெறுங்காலில் குதிகால், முன்பாதம் என்று பிரித்துத் தட்டவே பழக்குங்கள்.

6. இரண்டு ஆட்டத்தையும் முதல் நாளே கலக்காதீர்கள். கொல்கத்தாவில் பிறந்த கதக் மேதை சித்ரேஷ் தாஸும், அவரைவிட வயதில் மிக இளைய நியூயோர்க் டாப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தும் சேர்ந்து ‘இந்தியா ஜாஸ் சூட்ஸ்’ என்ற நிகழ்ச்சியைப் பல நாடுகளில் ஆடினார்கள். தாஸ் வெறுங்காலில் சலங்கையோடுதான் நின்றார்; ஸ்மித் தகடு வைத்த காலணியோடுதான் நின்றார். ஒருவர் ஒரு கணக்கைத் தட்டுவார், மற்றவர் அதைத் தம் வழியில் திருப்பிக் கொடுப்பார். யாரும் தம் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒருவர் காலை மற்றவர் அவ்வளவு கூர்ந்து கேட்டார். நம் பிள்ளைகளுக்கும் அப்படியே செய்யுங்கள். ஒரு பிள்ளை தப்பில் நான்கு அடி அடிக்கட்டும், வந்தவர் காலால் பதில் சொல்லட்டும். அடுத்து இவர் கேட்க, பிள்ளை சொல்லட்டும். கலப்பு வந்தால் தானாக வரட்டும்.

7. பக்கத்துச் சிங்களக் கிராமத்தைத் தாண்டி வெகுதூரம் போகாதீர்கள். தேயிலை மலை முடியும் இடத்தில் வயல் தொடங்குகிறது. அந்தக் களத்துமேட்டிலும் ஒரு கூத்து இருந்தது. சொகரி என்று பெயர். ஹங்குராங்கெத்த, மாத்தளைப் பக்கங்களிலும் வன்னியிலும், அறுவடை முடிந்த களத்தில், பத்தினித் தெய்வத்துக்காக ஆடுவார்கள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து வருகிற ஒரு குருவும், அவர் மனைவி சொகரியும், வேலைக்காரனும்தான் கதை. பத்தினி என்பது நம் கண்ணகியேதான். கடல் கடந்து வந்தவர்களின் கதையை அவர்களும் ஆடினார்கள் என்று தெரியும்போது நம் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்.

அவர்களை அழைப்பதற்கும் முறை உண்டு. காமன் எரிகிற பௌர்ணமி அவர்களுக்குப் போயா நாள். வெள்ளை உடுத்தி சில் எடுத்துப் பன்சலையில் இருப்பார்கள். அன்று கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்று குறைப்படாதீர்கள். மன்மதன் எழும் மூன்றாம் நாளுக்குக் கூப்பிடுங்கள். நோட்டீசை இரண்டு மொழியிலும் அடியுங்கள். பராக்கிரம நிரியெல்லவும் எச். ஏ. பெரேராவும் தொடங்கிய ஜனகரலிய, தமிழில் மக்கள் களரி, உங்களுக்கு நல்ல பாடம். கழற்றிப் பூட்டக்கூடிய அரங்கை ஊர் ஊராகக் கொண்டுபோய், சிங்கள இளைஞர்களும் தமிழ் இளைஞர்களும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சமைத்து, இரு மொழியிலும் நடித்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில் அவர்கள் அதைச் செய்தார்கள். மற்றவர் மொழியில் வசனம் மனப்பாடம் பண்ணியவனுக்கு அந்த மொழிக்காரன்மீது பயம் இருக்காது.

8. எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று தோட்டத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள். காப்புக் கட்டி விரதம் இருந்து செய்வது வேறு, பார்க்க வந்தவர்களுக்காக ஆடுவது வேறு. கம்பம் ஊன்றுவதையும் தகனத்தையும் ஹோட்டல் விருந்தாளிகளுக்குப் பத்து நிமிடத்தில் சுருக்கிக் காட்டச் சொல்லி யாராவது பணம் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். அடவைக் காட்டலாம், தாளத்தைக் காட்டலாம், பாட்டைப் பாடலாம். போன் கமராவுக்கும் இதே கட்டுப்பாடுதான்.

9. பயிற்சியால் யாருடைய பேரும் அரைப்பேராகி, அரை நாள் சம்பளம் போய்விடக் கூடாது. கொழுந்து கூடிய காலத்தில் அம்மாமார் வரமாட்டார்கள், வரச்சொல்லி நெருக்காதீர்கள். ரதி வேஷத்தை ஆண்களே கட்டிவந்த கூத்து இது. இன்று பெண்பிள்ளைகள் ஆட வருவதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இருட்டுமுன் அவர்களை வீடு சேர்ப்பது உங்கள் பொறுப்பு. மேல் டிவிஷனுக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லை, தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. பிள்ளையைத் தனியாக அனுப்பினீர்கள் என்றால் மறுநாள் அந்த லயத்திலிருந்து ஒரு பிள்ளையும் வராது, வராததும் நியாயம்தான்.

10. பணக் கணக்கைக் கோயில் கமிட்டி முன்னால் வாசியுங்கள். எவ்வளவு வந்தது, சாப்பாட்டுக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, யாருக்குச் சம்பளம் என்று சத்தமாக வாசியுங்கள்.

11. போகும்போது எதை விட்டுப் போகிறீர்கள் என்று வந்த அன்றே முடிவு செய்யுங்கள். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப எழுதியது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல் ஏறியவர்களில் ரதியும் இருந்தார், எமனும் இருந்தார், தப்பு மாஸ்டரும் இருந்தார். பாட்டுத் தெரிந்தவர் நீலகிரிக்குப் போய்விட, அடி தெரிந்தவர் இங்கே தனியாக நின்ற தோட்டங்கள் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மக்கள் வாயிலிருந்து பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதி, 1983-இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாக்கியதால் அவ்வளவாவது மிஞ்சியது. பாட்டுக்கு அவர் இருந்தார். அடிக்கு அப்படி ஒருவர் வேண்டும்.

அதனால் ஒவ்வொரு அடியையும் மாஸ்டர் முதலில் வாயால் சொல்லட்டும், பிறகு தப்பில் அடிக்கட்டும், பிறகு ஆட்டக்காரர் காலால் காட்டட்டும். மூன்றையும் அதே வரிசையில் பதிவு செய்யுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், மாஸ்டர் யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவையுங்கள். ஒரு பிரதி தோட்டப் பாடசாலைக்கு, ஒரு பிரதி கோயில் கமிட்டிக்கு, ஒரு பிரதி மாஸ்டர் வீட்டுக்கு. உங்களுக்கு ஒன்று வேண்டுமானால் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.