மடையும் மருத்துவமும்

காவிரி நாட்டில் வாழும் நமக்கு மதகும் வாய்க்காலும் புதியனவல்ல. கல்லணையிற் பிரிந்த நீர் முறையே வயலை அடையும். கரை உடைந்தால் பயிர் மூழ்கும். உடைப்பை அடைக்கப் புகுவோன் மண்ணை மிகுதியாகக் கொட்டின், அருகிலுள்ள நல்ல வாய்க்காலும் தூர்ந்துபோம்.

நம் இருதயத்தின் நிலையும் இதுவே. மேலறையிற் பிறக்கும் மின்னோட்டம், மதகு போன்ற கணுவொன்றிற் சற்றே தங்கிக் கீழறைகளை அடைகின்றது. சிலர்க்குப் பிறவியிலேயே குறுக்குவழியொன்று அமைதலால், துடிப்புத் திடீரெனக் கட்டுக்கடங்காது விரைகின்றது. மருத்துவர் தொடையிலுள்ள இரத்தநாளத்தின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அவ்வழியைச் சுட்டு அடைப்பர். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய இடங்களில் இச்சிகிச்சை நடைபெறுகின்றது.

1982-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஷைன்மன் குழுவினர் அறிவித்த முறையில் மின்னதிர்ச்சியே பயன்பட்டது. அதன் வேகம் அடக்கற்கரியது. இருதயச் சுவர் கிழியவும் கூடும். பின்வந்த வானொலியலை வெப்பம் சிறிய இடத்தளவில் நின்றது. ஆயினும் அது கணுவைக் கெடுத்துவிடின், நோயாளி வாழ்நாள் முழுதும் துடிப்பூட்டும் கருவியை நாடவேண்டும். மேலறை நடுக்க நோய்க்காக நுரையீரல் நாளங்களின் வாயைச் சுற்றிச் சுடுங்கால், பின்னே அமைந்த உணவுக்குழாயும் புண்படலாம்.

ஆதலின், இரத்தம் உறையாவண்ணம் குழாய் நுனியை உப்புநீராற் குளிர்வித்தல், சுவரை அழுத்தும் விசையை அளத்தல், ஒலியலைப் படத்தால் உள்ளிடம் காண்டல் என்னும் காவல்கள் தோன்றின. 2023 டிசம்பரில் அமெரிக்க அரசு இசைவளித்த நுண்மின்துடிப்பு முறை, இருதயத் தசையையே பெரிதும் தாக்கி உணவுக்குழாயைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றது. அதற்கும் தனித் தீங்குகள் உண்டு.

கருவி எதுவாயினும், நிறுத்துமிடம் அறிதலே காவலுட் சிறந்தது. கணுவிற்கு மிக அருகே வழி அமைந்திருப்பின், சுடாது திரும்பும் மருத்துவரும் நோயாளியைக் காத்தவரே ஆவர்.