மாத வாடிக்கைப் பாலுக்குக் கணிப்பொறிப் பட்டியல்

கறவை மாடு வைத்திருப்போர் பாலைக் கூட்டுறவு சங்கத்தில் ஊற்றியது போக, மீதியை வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் மாத வாடிக்கையாக ஊற்றுவது நமது மாவட்டத்தில் வழக்கம். சுவரில் கரிக்கோடு, காலண்டர் தாளில் ஒரு குறி, இவைதாம் பலருக்குக் கணக்கு. மாத முடிவில், "நாலு நாள் ஊரில் இல்லையே" என்பார் ஒருவர். "போன மாதமே கொடுத்துவிட்டேனே" என்பார் மற்றொருவர். பதில் சொல்ல நம்மிடம் எழுத்து இருக்காது. வாடிக்கை போய்விடக் கூடாதென்று விட்டுக்கொடுத்து விடுகிறோம். ஆனால் தவிடும் பிண்ணாக்கும் வாங்கிய கடையில் நமக்கு யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

பத்து வீடுகளில் வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் கணக்கில் விட்டுப்போவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 20 லிட்டர். லிட்டர் 50 ரூபாய் என்று கொண்டால் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000 ரூபாய். மடியில் கறந்த பால் ஏட்டில் ஏறாததால் வந்த நட்டம் இது.

சந்தா முறையும் மென்பொருளும்

பத்திரிகைக்குச் சந்தா கட்டுவது நாம் அறிந்ததே. இன்று தொலைபேசி, தொலைக்காட்சி, கணிப்பொறிச் சேவைகள் எனப் பலவும் சந்தா முறையில் விற்கப்படுகின்றன. இவற்றை விற்கும் நிறுவனங்களின் கணக்குப் பிரிவினர், மாதந்தோறும் பட்டியல் போட்டுப் பணம் வசூலிப்பதற்கெனத் தனி மென்பொருள் வைத்திருக்கிறார்கள். இத்தொழிலில் தமிழ்நாடு பெயர் பெற்றது. இத்தகைய மென்பொருளுக்கென்றே 2011-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம் சார்ஜ்பீ. தென்காசி அருகே மத்தளம்பாறை கிராமத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனமும் இவ்வகை மென்பொருளைத் தயாரிக்கிறது.

இந்த மென்பொருள் செய்யும் வேலைகள் ஐந்து. வாடிக்கையாளர் யார், எவ்வளவு, என்ன விலை என்று வைத்துக்கொள்வது. இடையில் நேரும் கூடுதல் குறைவைக் கழித்துச் சேர்ப்பது. குறித்த நாளில் பட்டியல் அனுப்புவது. வந்த பணத்தை உரியவர் பெயரில் வரவு வைப்பது. வராத பாக்கியைக் காட்டுவது. பால் கணக்குக்கும் வேண்டியவை இவையே.

பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குத் தனியாகப் பால் ஊற்றுபவர் இதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது கைபேசியில் உள்ள எளிய கணக்குச் செயலி போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ மகளிர் குழுவோ பால், முட்டை, காய்கறி, பூ ஆகியவற்றைச் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வாடிக்கையாகக் கொடுக்குமானால், அப்போது மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். எதுவானாலும், நாம் சொல்லும் விதிப்படிதான் இயந்திரம் கணக்குப் போடும். விதி இல்லாத கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றினால் குழப்பம் விரைவாகப் பெருகும், அவ்வளவுதான்.

முதலில் வகுக்க வேண்டிய விதிகள்

1. வேண்டாத நாள்: முதல் நாள் மாலைக்குள் சொன்னால் மட்டுமே கழிவு. தினம் 1 லிட்டர் வாங்குபவர் 30 நாள் மாதத்தில் 4 நாள் வேண்டாமென்றால் 26 லிட்டர், 1,300 ரூபாய்.

2. கூடுதல் பால்: விருந்தாளி வந்து 3 நாள் அரை லிட்டர் கூடுதலாக வாங்கினால் 31½ லிட்டர், 1,575 ரூபாய். ஊற்றிய அன்றே எழுத வேண்டும்.

3. மாத நடுவில் சேர்பவர்: 30 நாள் மாதத்தில் 11-ஆம் தேதி சேர்ந்தால் அன்றையும் சேர்த்து 20 நாள். 1,000 ரூபாய்.

4. விலை மாற்றம்: எந்தத் தேதி முதல் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 16-ஆம் தேதி முதல் லிட்டர் 52 ரூபாய் என்றால், முதல் 15 நாளுக்கு 750, அடுத்த 15 நாளுக்கு 780, ஆக 1,530 ரூபாய். பழைய மாதப் பட்டியலைப் புதிய விலைக்குத் திருத்தக் கூடாது.

5. கெடு: 1-ஆம் தேதி பட்டியல், 5-ஆம் தேதிக்குள் பணம் என்பது போல ஒரே நாளை எல்லோருக்கும் வைக்க வேண்டும்.

முன்பணம் நம் பணம் அல்ல

சிலர் மாதத் தொடக்கத்திலேயே 1,500 ரூபாய் கொடுத்துவிடுவார்கள். கையில் வந்துவிட்டது என்று அதை எடுத்துச் செலவிடுவதுதான் பெரிய தவறு. பால் ஊற்றும் வரை அது நாம் பட்ட கடன். மாட்டுக்கு மடிவீக்கம் கண்டு ஊசி போட்டால், கால்நடை மருத்துவர் சொல்லும் நாள்வரை பாலை விற்கக் கூடாது. கன்று ஈனுவதற்கு முன் சுமார் 60 நாள் பால் வற்ற விட வேண்டும். 20-ஆம் தேதியோடு பால் நின்றுபோனால் நாம் ஈட்டியது 1,000 ரூபாய்தான். மீதி 500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அடுத்த மாதக் கணக்கில் காட்ட வேண்டும். பெரிய நிறுவனங்களின் கணக்கர்களும் இப்படித்தான் முன்பணத்தைத் தனியே வைக்கிறார்கள். மாடுகள் ஒரே சமயத்தில் வற்றாதபடி சினைப்பருவத்தை முன்பின்னாக அமைத்துக்கொண்டால் இந்தச் சங்கடம் குறையும்.

பாக்கிக்கும் வயது உண்டு

மொத்தப் பாக்கி எவ்வளவு என்று பார்த்தால் மட்டும் போதாது. 30 நாளுக்கு உட்பட்டது, 31 முதல் 60 நாள் வரை, 60 நாளுக்கு மேற்பட்டது என மூன்றாகப் பிரிக்க வேண்டும். முதல் வகைக்கு நினைவூட்டினால் போதும். இரண்டாவதற்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். மூன்றாவது வகையினருக்குப் பழைய பாக்கி தீரும்வரை ரொக்கத்துக்கு மட்டுமே பால். முகத்துக்கு அஞ்சி இதைத் தள்ளிப்போட்டால் பாக்கியும் போகும், வாடிக்கையும் போகும்.

தானாகப் பணம் வரும் வழி

2020-ஆம் ஆண்டு யுபிஐ முறையில் 'ஆட்டோபே' வசதி வந்தது. வாடிக்கையாளர் ஒருமுறை இசைவு தந்துவிட்டால், குறித்த நாளில் அவர் கணக்கிலிருந்து பணம் தானே வந்து சேரும். எடுக்குமுன் அவருக்கு அறிவிப்பு போகும். வேண்டாமென்றால் அவர் நிறுத்திக்கொள்ளலாம். குழு அல்லது நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு உள்ளவர்கள், இவ்வசதி பெறும் வழியை வங்கியில் விசாரிக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது. நமக்குப் பணம் வருவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் அவர் ஏமாற்றுக்காரர்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

தமிழில் பட்டியல் வருமா? நாள்வாரியாக அளவை மாற்ற முடியுமா? மாதக் கட்டணம் எவ்வளவு, வாடிக்கையாளர் கூடினால் கட்டணமும் கூடுமா? நிறுத்திவிட்டால் நம் கணக்கு முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியுமா? வரியைப் பொருள்வாரியாகப் பதிய முடியுமா? கறந்த பாலுக்கும் பச்சைக் காய்கறிக்கும் சரக்கு, சேவை வரி இல்லை, நெய்க்கு உண்டு. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே பணம் கட்ட வேண்டும். மென்பொருள் வந்த பிறகும் இரண்டு மாதத்துக்கு நோட்டையும் சேர்த்து எழுதி, இரண்டையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

கணிப்பொறி நமக்கு வருமா என்று தயங்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டவர்கள் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள். வருகிற முதல் தேதியன்று ஒரு நோட்டு வாங்குங்கள். வீட்டுக்கு ஒரு பக்கம், நாளுக்கு ஒரு வரி. படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து மாலையில் ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் விடாமல் எழுதிய நோட்டு கையில் இருந்தால், எந்த மென்பொருளையும் அச்சமின்றித் தொடங்கலாம்.