வாட்ச் பட்டை மாற்றும் கருவிகள்: எதை வாங்குவது, எதை விடுவது

கைக்கடிகாரப் பட்டையை வீட்டிலேயே மாற்ற எந்தக் கருவி வேண்டும் என்பது, அந்தப் பட்டை கூட்டோடு எப்படிப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான வாட்ச்களில் கூட்டிலிருந்து இரு பக்கமும் நீளும் கொம்புகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங் பின் இருக்கும். வெளியே மெல்லிய உலோகக் குழாய், உள்ளே சுருள்வில், இரு கோடியிலும் அழுத்தினால் உள்வாங்கும் முனைகள். அந்த முனைகள் கொம்பின் உட்புறத் துளைகளில் மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு முனையை உள்ளே தள்ளிவிட்டால் பட்டை கழன்றுவிடும்.

சென்னை நகருக்குள் இந்த விளக்கமே போதும். மீஞ்சூரிலும், அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களிலும் இதோடு உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏரியின் நீர் கடலும் ஆறும் கலந்த உவர்நீர். வலை இழுக்கும் கையில் கிடக்கும் வாட்சில் அந்த நீர் பின்னின் முனையிலும் துளையிலும் தங்கி, காய்ந்து, மறுபடி ஈரமாகிறது. மலிவான பட்டையோடு வரும் பின்கள் பல நேரம் துருப்பிடிக்கும் எஃகால் ஆனவை. ஓரிரு ஆண்டில் பின் துளையோடு ஒட்டிப்போகும். எவர்சில்வர் பின்னும் உப்புத் தேங்கும் இடுக்கில் அரிக்கப்படுவதுண்டு. ஆகவே இந்தப் பகுதியில் கருவி வாங்குகிறவர், புது வாட்சில் வேலை செய்யும் கருவியா என்பதைவிட, இறுகிய பின்னை அசைக்கும் கருவியா என்றே பார்க்க வேண்டும்.

முதலில் வாங்க வேண்டியது இருமுனைக் கருவி. பேனா அளவுள்ள கைப்பிடி. ஒரு கோடியில் சிறு கவை, மறு கோடியில் ஊசி போன்ற குச்சி. பின்னின் முனைக்குச் சற்று உள்ளே வளையம் போல ஒரு விளிம்பு இருக்கும். கவையை அதில் மாட்டி நடுப்பக்கமாக இழுத்தால் முனை உள்வாங்கும். சில வாட்ச்களில் கொம்பின் வெளிப்புறம் வரை துளை போகும். அங்கே குச்சி முனையால் வெளியிலிருந்து அழுத்தினாலே போதும், கூட்டில் கீறல் விழாது. துளை வெளியே தெரியும் வாட்ச் இந்த வட்டாரத்துக்கு மிகவும் ஏற்றது, ஏனென்றால் இறுகிய பின்னின் முனையில் நேராக எண்ணெய் விட முடியும்.

இருமுனைக் கருவியில் விலை வித்தியாசம் பெரிது. சுவிட்சர்லாந்தின் பெர்ஜான் நிறுவனம் செய்யும் 6767 வரிசைக் கருவி உலகெங்கும் கடிகாரக்காரர்கள் வைத்திருப்பது. அதன் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மலிவான கருவிகளும் பார்வைக்கு அப்படியே இருக்கும். வித்தியாசம் எஃகில்தான். மென்மையான எஃகு, இறுகிய பின்னில் இரண்டு முறை அழுத்தியதும் வளைந்துவிடும். வளைந்த கவை வழுக்கிக் கூட்டைக் கீறும். ஆண்டுக்கு ஒரு முறை ஒரு பட்டை மாற்றுகிற வீட்டுக்கு மலிவான கருவி போதும். வீட்டில் நாலைந்து வாட்ச் இருந்து, அவற்றில் ஒன்றிரண்டு தண்ணீரில் போய் வருமானால் நல்ல எஃகு முனையுள்ளதையே வாங்க வேண்டும். சமையலறைக் கத்தி, ஊக்கு, தையல் ஊசி இவற்றால் பின் கழலாது என்றில்லை. கழலும்போது கூட்டில் தழும்பும் விழும்.

அடுத்தது இடுக்கி வகை. இதன் இரு கைகளும் பின்னின் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் அழுத்தும். தோல் பட்டைக்கு இது தேவையில்லை. செயின் வாட்சில்தான் பயன், ஏனென்றால் அதன் முனைத் துண்டு கூட்டோடு நெருங்கிப் பொருந்தியிருப்பதால் ஒரு பக்கத்தை விடுவிப்பதற்குள் மறு பக்கம் மீண்டும் மாட்டிக்கொள்ளும். முனைகள் சம உயரத்தில் சேராத மலிவு இடுக்கியை வாங்குவது வீண். இருமுனைக் கருவியே அதைவிட மேல்.

பட்டையின் அடியில் சிறு குமிழ் வைத்த விரைவுக் கழற்றுப் பின் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. குமிழை நகத்தால் தள்ளினால் போதும், கருவியே வேண்டாம். அலுவலகம், கல்லூரி போகிறவர்களுக்கு இதுவே சரி. படகில் போகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. குமிழ் நகரும் பிளவில் மணலும் உப்பும் சேரும், பின்னும் மெலிது. அவர்களுக்குத் தடித்த சாதாரணப் பின்னும், இரண்டு பின்களுக்கும் அடியில் நுழைந்து போகும் ஒரே நீள நைலான் பட்டையும் பொருத்தம். ஒரு பின் உடைந்தாலும் மற்றொன்றில் வாட்ச் தொங்கும், ஏரியில் விழாது.

பின் வாங்கும்போது நீளமும் தடிப்பும் இரண்டும் பார்க்க வேண்டும். நீளம் என்பது கொம்புகளுக்கு இடைப்பட்ட அகலம்: 18, 20, 22 மி.மீ. அளவுகள் அதிகம் புழங்குபவை. பெங்களூரில் 1961-இல் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் பழைய கைச்சாவி வாட்ச்களுக்குப் பெரும்பாலும் 18. தடிப்பு 1.5 அல்லது 1.8 மி.மீ.; துளை இடம் தருமானால் தடித்ததே நல்லது. கேசியோவின் பல ரப்பர் பட்டைகள் அந்தந்த மாடலுக்கென்றே வெட்டப்பட்டவை. அங்கே அகலம் அளப்பதைவிட மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போவதே பலன் தரும்.

செயினைச் சுருக்குவது வேறு வேலை, வேறு கருவி. அதற்கு முன் பூட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே வரிசையாகத் துளைகள் இருந்தால், உள்ளிருக்கும் சிறு பின்னை அடுத்த துளைக்கு நகர்த்தினாலே சில மில்லிமீட்டர் குறையும். கண்ணியைக் கழற்றக் கடைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இதுதான்.

கண்ணியையே எடுக்க வேண்டுமானால், செயினின் உட்புறத்தில் அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அம்பு காட்டும் திசையில் பின் வெளியேறும். திரும்பப் போடுவது எதிர்த்திசையில். இதற்கு இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, செயினைப் பள்ளத்தில் வைத்துத் திருகைச் சுற்றிப் பின்னைத் தள்ளும் அழுத்தி. மற்றொன்று, செயினை நிறுத்தும் தாங்கி, மெல்லிய தட்டூசி, சிறு சுத்தியல் மூன்றும் சேர்ந்தது. புதுச் செயினுக்கு அழுத்தி சுலபம். உப்புப் பிடித்த செயினில் அழுத்தியின் ஊசிதான் முதலில் வளையும். இந்த வட்டாரத்துக்குத் தட்டூசியும் சுத்தியலும்தான் சரியான தேர்வு. சில செயின்களில் பின்னோடு ஒரு குட்டிக் குழாயும் உள்ளே இருக்கும். அது தெறித்துப் போனால் கண்ணி நிற்காது என்பதால், வெள்ளைத் துணி விரித்து வேலை செய்ய வேண்டும். பின்னுக்குப் பதில் திருகாணி இருந்தால், அதன் பிளவை முழுவதும் நிரப்பும் அகலமுள்ள திருப்புளி தேவை. இறுகிய திருகாணியைக் கடைக்குக் கொண்டுபோவதே மேல்.

பத்துப் பதினைந்து துண்டுகள் கொண்ட பெட்டிகளும் விற்கின்றன. அவற்றில் சில, வாட்சின் பின்மூடியைத் திறப்பதற்கானவை. பட்டை மாற்ற அவை எதுவும் வேண்டியதில்லை. திறந்து மூடும்போது ரப்பர் வளையம் நகர்ந்தால் தண்ணீர் புகும், ஏரிக்கரையில் இது சிறிய விஷயமல்ல.

இறுகிய பின்னுக்கு ஒரு முறை உண்டு. நல்ல தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, துளையருகே தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஓர் இரவு வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆகாது, நாளடைவில் பிசுக்காகும். கொம்பின் உட்புறத்தில் செல்லோ டேப் ஒட்டிக்கொண்டு கவையால் முயலலாம். அப்படியும் அசையாவிட்டால் பழைய பட்டையை பிளேடால் அறுத்து நீக்கி, வெளியே தெரியும் பின்னை எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் கட்டிங் பிளேயரால் நடுவில் துண்டிக்கலாம். இரண்டு பாதிகளும் பெரும்பாலும் தனித்தனியே வந்துவிடும். தெறிக்கும் துண்டு கண்ணில் படாதிருக்க, கையையும் வாட்சையும் தெளிவான பாலிதீன் பைக்குள் வைத்து வெட்ட வேண்டும்.

கருவிக்கும் உப்புக்காற்று பொதுவே. வேலை முடிந்ததும் முனையை எண்ணெய்த் துணியால் துடைத்து, இறுக மூடும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் பல ஆண்டு உழைக்கும்.