கொட்டேஷனின் கீழ்ப்பாதி

தாம்பரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தோரு வருஷம் கார் பட்டறை நடத்தினேன். டிங்கரிங், பெயிண்டிங், என்ஜின் எல்லா வேலையும் பார்த்தோம். இப்போது பட்டறையைத் தம்பி மகன் கவனித்துக்கொள்கிறான். என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் கார் வாங்கப்போகும் பிள்ளைகள். கையில் ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் தாள் இருக்கும். மேல்பாதியில் காரின் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம். கீழ்ப்பாதியில் இன்ஷூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, டெஃப்லான் கோட்டிங், அண்டர்பாடி கோட்டிங், பேசிக் கிட், ஹேண்ட்லிங் சார்ஜ். எந்தக் காரை வாங்குவது என்று மூன்று மாதம் யோசித்திருப்பார்கள். கீழ்ப்பாதியை மட்டும் ஷோரூம் மேஜையில் டீ ஆறுவதற்குள் முடிவு செய்துவிடுவார்கள். அந்தக் கீழ்ப்பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. தாளை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். ஷோரூமில் எதற்கும் தலையாட்ட வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி, தனி விலை கேளுங்கள். போன வருஷம் ஒரு பள்ளி ஆசிரியை தன் தாளைக் காட்டினாள். "பேசிக் கிட் ரூ.18,500" என்று ஒரே வரி. பிரித்துக் கேட்கச் சொன்னேன். ஃப்ளோர் மேட், மட் ஃப்ளாப், சீட் கவர், ஸ்டீயரிங் கவர், கார் மூடும் துணி, சாவிக்கு ஒரு உறை, வாசனை பாட்டில். அவளுக்குத் தேவைப்பட்டவை இரண்டு. விற்கிற பையன் மேல் கோபப்படாதீர்கள். அவனுக்கு மாதாமாதம் டார்கெட் இருக்கிறது. காரை விற்பதில் ஷோரூமுக்கு மிஞ்சுவது குறைவு. இந்தக் கீழ்ப்பாதியில்தான் கூடுதலாக மிஞ்சும். மரியாதையாகவே கேளுங்கள், மரியாதையாகவே மறுத்துவிடுங்கள்.

2. ஒவ்வொரு வரிக்கும் நேராக ஒரு கேள்வி எழுதுங்கள்: "இதை இன்றைக்கு வாங்காவிட்டால் ஒரு மாதம் கழித்துக் கிடைக்காதா?" மேட், சீட் கவர், கோட்டிங், கேமரா எல்லாம் என்றைக்கும் கிடைக்கும், வெளியே பெரும்பாலும் குறைந்த விலைக்கே கிடைக்கும். முதல் நாளே முடிவு செய்தாக வேண்டியது உண்மையில் ஒன்றுதான், இன்ஷூரன்ஸ். வாரண்டிக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. நிதானமாக யோசிக்க வேண்டியவை இவ்விரண்டும்தான்.

3. இன்ஷூரன்ஸ். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியம் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். உங்கள் காருக்கு வரும் சேதத்துக்கான பகுதியில்தான் விலை வித்தியாசப்படும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதே கம்பெனி, அதே காப்பீட்டு மதிப்பு, அதே கூடுதல் பாதுகாப்புகள் என்று வைத்து, வெளியே இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். "வெளியே எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது" என்பார்கள். கேஷ்லெஸ் என்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை யார் விற்றார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் காரை விடப்போகும் சர்வீஸ் சென்டரின் பெயர் அந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூடுதல் பாதுகாப்புகளில் ஜீரோ டெப்ரிசியேஷன், நம் ஊர்ப் பேச்சில் "பம்பர் டு பம்பர்", முதல் ஐந்து வருஷம் கட்டாயம் எடுங்கள். காரணம் இதுதான். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு அன்றைக்கே வாங்கிய கார் என்றாலும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். இன்றைய காரில் முதலில் அடிபடுவது பம்பர், அது பிளாஸ்டிக். ரூ.12,000 பம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீரோ டெப் இல்லாவிட்டால் ரூ.6,000 உங்கள் கையிலிருந்து போகும். அதோடு 1500 சிசி வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளெய்முக்கும் கட்டாயக் கழிவு ரூ.1,000. ஜீரோ டெப் இருந்தால் அந்த ஆயிரம் மட்டும்தான். புதிதாக ஓட்டப் பழகுகிறவர் முதல் வருஷத்தில் ஒரு முறையாவது கேட்டில் உரசுவார். வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் அனுமதி என்று பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என்ஜின் பாதுகாப்பு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வேளச்சேரியிலிருந்தும் முடிச்சூரிலிருந்தும் வந்த கார்கள் பட்டறை வாசலைத் தாண்டித் தெருவில் வரிசையாக நின்றன. அதில் ஒரு வங்கி ஊழியரின் கார், வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருப்பியிருக்கிறார். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது. என்ஜினைப் பிரித்து கனெக்டிங் ராடை எடுத்து மேஜையில் வைத்தேன். பார்த்தால் நேராகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இரும்பு ஸ்கேலை வைத்ததும் நடுவில் ஒரு இடைவெளி, உள்ளே நகம் நுழையும் அளவு. அவர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீரில் நின்றதால் வந்த சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் தொடர்ந்து வந்த சேதம் என்று சொல்லி சாதாரண பாலிசியில் என்ஜினுக்குப் பணம் தரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே காட்சியைப் பார்த்தேன். சென்னையிலும் தண்ணீர் நிற்கும் மற்ற ஊர்களிலும் இருப்பவர்கள் இதை எடுங்கள். எடுத்திருந்தாலும் தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் தொடாதீர்கள். டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்பது கார் திருடுபோனாலோ முழுதும் நாசமானாலோ பில் தொகையைத் தருவது. பெரிய கடனில் கார் வாங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் இது நல்லது. ஓட்டும் உரிமையாளருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் போதும். சாவி தொலைந்தால், பெட்டி தொலைந்தால் என்று வரும் சின்னச் சின்ன பாதுகாப்புகளை விட்டுவிடலாம்.

4. எக்ஸ்டெண்டட் வாரண்டி. கார் கம்பெனியே தருகிறதா, வெளியார் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். வெளியாருடையது வேண்டாம். கம்பெனியுடையது என்றால், ஆட்டோமேட்டிக் கியர், டர்போ என்ஜின், பெரிய தொடுதிரை உள்ள காரை ஆறேழு வருஷம் வைத்திருப்பவர்கள் வாங்குவது நியாயம். ஒரு கியர் கன்ட்ரோல் யூனிட்டின் விலையில் வாரண்டியின் விலை அடங்கிவிடும். நான்கு வருஷத்தில் மாற்றிவிடுவேன், வாரம் ஒருமுறைதான் ஓட்டுவேன் என்பவர்களுக்குத் தேவையில்லை. கிளட்ச், பிரேக் பேட், டயர், வைப்பர் போன்ற தேய்கிற பாகங்கள் இதில் வராது. பெரும்பாலான கம்பெனிகளில் முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். தள்ளிப்போட்டால் விலை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். சர்வீஸ் ஒன்றைத் தவறவிட்டாலும் வாரண்டி செல்லாது என்று மறுக்க இடம் உண்டு. பில்களையெல்லாம் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

5. டெஃப்லான் கோட்டிங் வேண்டாம். தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டுவது 350 டிகிரிக்கு மேல் சூடாக்குவதால். கார் பெயிண்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. கார் மேல் பூசுவது ஒரு பாலிஷ், சில மாதத்தில் போய்விடும். செராமிக் கோட்டிங்கில் பளபளப்பு நிற்கும், தண்ணீர் உருண்டோடும், பறவை எச்சத்தைச் சுலபமாகக் கழுவலாம்; ஆனால் கீறலையோ கல்லடியையோ தடுக்காது. கல்லடியைத் தடுப்பது பிபிஎஃப் என்கிற ஒளி ஊடுருவும் ஃபிலிம் மட்டும்தான், விலை அதிகம். நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறவர்கள் பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் போட்டால் போதும். பெயிண்டில் வலைபோலக் கீறல் விழுவது பெரும்பாலும் அடுக்குமாடி வீட்டில் காலையில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பதால்தான். துடைக்கிறவரிடம் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு மைக்ரோஃபைபர் துணியும் கொடுத்துச் சொல்லிவையுங்கள்.

6. அண்டர்பாடி கோட்டிங்கை நான் ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். தொழிற்சாலையிலேயே பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் ஒட்டவைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஊருக்குள் ஓடும் கார்களுக்கு அது போதும். கடலோரத்தில் குடியிருந்தால் மேற்கொண்டு பூசுவதில் தப்பில்லை, பூசுகிற கை சரியாக இருந்தால். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கதவுக்குள் தண்ணீர் அலம்புகிறது என்று ஒரு கார் வந்தது. கதவின் கீழ் விளிம்பில் மழைத்தண்ணீர் வெளியேற நீளவாக்கில் சின்ன ஓட்டைகள் இருக்கும். அத்தனையையும் கருப்புப் பூச்சு அடைத்திருந்தது. ஆணியால் குத்தித் திறந்தேன். துருநிறத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. பூசுவதற்கு முன் ஓட்டைகளை டேப் ஒட்டி மறைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

7. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாதவை சில உண்டு. முன்னால் போடும் இரும்பு கிராஷ் கார்டு முதலாவது. இடியை மடங்கி வாங்கும்படி காரின் முன்பக்கத்தை வடிவமைத்திருக்கிறார்கள். கார்டு அந்த வேலையையும் ஏர்பேக் சென்சாரின் வேலையையும் கெடுக்கும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதி இதைத் தடுக்கச் சொன்னது. இரண்டாவது, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டுக்கு முழுதாக இறுக்கித் தைத்த கவர். சீட்டின் கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணிப்பட்டி தைத்திருக்கும். பை வெளிவருவது அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான். அந்தப் பக்கம் திறப்பு விட்ட கவராகக் கேளுங்கள். மூன்றாவது, ஒயரை வெட்டி டேப் சுற்றி இணைக்கும் எந்த விளக்கும் ஹாரனும். தீப்பிடித்தால் வாரண்டிக்காரரும் இன்ஷூரன்ஸ்காரரும் முதலில் பார்ப்பது அந்த டேப்பைத்தான். ஓட்டுநர் காலடியில் மேட் மேல் மேட்டும் போடாதீர்கள். மேல் மேட் நகர்ந்து ஆக்சிலேட்டருக்கு அடியில் போய்ச் சிக்கும்.

8. எதை வாங்கினாலும் கடனில் சேர்க்காதீர்கள். "மாதம் ஆயிரம் ரூபாய்கூட ஆகாது சார்" என்பார்கள். ரூ.60,000 ஆக்சஸரீஸை 9 சதவீத வட்டியில் ஏழு வருஷக் கடனில் சேர்த்தால் மாதம் சுமார் ரூ.965. மொத்தம் கட்டுவது சுமார் ரூ.81,000. அதற்குள் அந்த சீட் கவர் கிழிந்து இரண்டாவது கவர் வாங்கியிருப்பீர்கள்.

9. 2019 ஏப்ரல் முதல் உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் காரோடு சேர்ந்தே வர வேண்டும். தாளில் அதற்குத் தனித் தொகை இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஹேண்ட்லிங் சார்ஜ் என்ற வரிக்கும் எதற்கான பணம் என்று விளக்கம் கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள்.

10. "கிட் எடுத்தால்தான் டெலிவரி" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், அல்லது மெயில் அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை யாரும் தந்ததில்லை. இலவச ஆக்சஸரீஸ் தருகிறோம் என்றால், அதற்குப் பதில் விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அந்த ஆசிரியையின் தாளில் கீழ்ப்பாதியில் ஒன்பது வரிகள் இருந்தன. இன்ஷூரன்ஸை வெளியே எடுத்தாள். வாரண்டிக்கு அடுத்த வருஷத் தேதியை நாள்காட்டியில் குறித்துவைத்தாள். மற்ற ஏழையும் அடித்துவிட்டாள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு பட்டறைக்கு வந்து மட் ஃப்ளாப்பும் ரப்பர் மேட்டும் கேட்டாள். பள்ளிக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் செம்மண் பாதையாம்.