வலி மாத்திரை வாங்குமுன்

அன்புள்ள கயல்,

அப்பா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியது அறிந்து நிம்மதி. டைக்ளோஃபெனாக் போட்டால் முதுகுவலி சட்டென்று அடங்குமே, டாக்டர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருந்தாய்.

அவருக்குச் செய்தது முள்ளெலும்பு இணைப்பு. இரண்டு எலும்புகளை ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு அசையாமல் நிறுத்தி, எலும்புத் துணுக்குகளை வைத்திருக்கிறார்கள். கம்பி வெறும் சாரம்தான். துணுக்குகள் வழியே புது எலும்பு வளர்ந்து இரண்டும் ஒன்றாக வேண்டும். அதற்குப் பல மாதம் பிடிக்கும். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ தளரும், கம்பி முறியவும் கூடும்.

காயம்பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. வீக்கத்தையும் வலியையும் கிளப்புவது அது. எலும்பு கட்டும் செல்களைத் தூண்டுவதும் அதுவே. ஆஸ்பிரின் வகை மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன என்று 1971-இல் காட்டிய ஜான் வேன், 1982-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் அந்த வழிதான். ஆக, வலியோடு எலும்பின் வேலையும் தடைபடலாம்.

1998-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இணைப்பு ஆபரேஷனுக்குப் பின் இதே வகையைச் சேர்ந்த கெட்டோரோலாக் பெற்ற 167 பேரில் 29 பேருக்கு எலும்பு ஒட்டவில்லை. பெறாத 121 பேரில் அப்படி ஆனது 5 பேருக்குத்தான். பிந்தைய ஆய்வுகள் பலவற்றில், குறைந்த அளவில் சில நாள் மட்டும் கொடுத்தபோது அவ்வளவு கேடு தெரியவில்லை. ஆகவே சில டாக்டர்கள் முதல் சில நாள் கொடுப்பார்கள்; சிலர் தொடவே மாட்டார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டிஸ்க் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டவருக்கு எலும்பு ஒட்டும் வேலையே இல்லை. அவருடைய மருந்துச் சீட்டு அப்பாவுக்குப் பொருந்தாது.

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படி. பாராசிட்டமால் என்று நினைத்து வாங்குவதில் டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்த அசிக்ளோஃபெனாக்கும் கலந்திருக்கலாம். டாக்டர் எழுதியது வெறும் பாராசிட்டமால் என்றால் அதையே, சொன்ன அளவில், வேளை தவறாமல் கொடு. இதயத்துக்காக அவர் ஆஸ்பிரின் சாப்பிடுபவராக இருந்தால், அதை நிறுத்துவதும் தொடர்வதும் டாக்டர் முடிவு. சிகரெட் கூடவே கூடாது; எலும்பு ஒட்டுவதை அதுவும் கெடுக்கும்.

வலி தாங்கவில்லை என்றால் கடைக்குப் போகாதே, டாக்டருக்குப் போன் செய். வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
சித்தப்பா