வல்லப்பட்டை மரமும் அதன் பாதுகாப்பும்

மாணவர்களே, அகிற்புகையைக் கூந்தலுக்கு ஊட்டும் வழக்கத்தைச் சங்க இலக்கியப் பாடங்களில் படித்திருப்பீர்கள். அந்த அகிலின் உறவு மரம் ஒன்று இலங்கையிலும் உண்டு. அதுவே வல்லப்பட்டை (கைரினொப்ஸ் வல்லா).

1. வளரும் இடம்
இது தென்மேற்கு ஈரவலயத்துக்குரியது. சிங்கராஜ வனத்திலும் காலி, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களிலும் காணப்படுகிறது. திருகோணமலை உலர்வலயத்தில் இருப்பதால், கப்பல்துறைப் பகுதிக் காடுகளில் இதை எதிர்பார்க்க முடியாது. முன்னர் கிராமத்தவர்கள் இதன் பட்டையை உரித்துக் கயிறாகப் பயன்படுத்தினர்.

2. அகில் உருவாகும் விதம்
நலமான மரத்தின் வைரம் வெளிறியது, மணமற்றது. மரம் காயப்பட்டுப் பங்கசு தொற்றும்போது, தன்னைக் காக்க அது பிசினைச் சுரக்கிறது. பிசின் ஊறிக் கறுத்த பகுதியே அகிலாகும்.

3. அழிவுக்கான காரணம்
எந்த மரத்தில் பிசின் உள்ளதென வெளியிலிருந்து அறிவது கடினம். எனவே திருடர்கள் வெறும் மரங்களையும் வெட்டிச் சாய்க்கின்றனர். விதை தரும் மரங்கள் அழிய, இளங்கன்றுகளும் குறைகின்றன. 2012 ஆம் ஆண்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்தில் வல்லப்பட்டைக் கடத்தல்கள் பல தடவைகள் பிடிபட்டன.

4. பாதுகாப்பு வழிகள்
(அ) சட்டம்: அரச காடுகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றம். அகில் தரும் அக்குயிலாரியா, கைரினொப்ஸ் சாதிகள் முழுவதும் 2004 இல் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன.
(ஆ) பயிர்ச்செய்கை: வீட்டுத் தோட்டங்களில் கன்று நட்டு, வளர்ந்த மரத்தில் துளையிட்டுப் பங்கசைச் செலுத்திப் பிசினைத் தூண்டலாம்.
(இ) தாய்மரங்களைக் காத்தல்: விதைகள் விரைவில் முளைதிறனை இழப்பதால், அவற்றை உடனே நாற்றுமேடையில் இட வேண்டும்.

பரீட்சையில் கவனிக்க
* இரண்டாம் பட்டியல் என்பது முழுத் தடை அன்று, அனுமதிப்பத்திரத்துடனான கட்டுப்பாடு.
* வெளிநாட்டு அக்குயிலாரியாவை நடுவது வருமானம் தரலாம். ஆனால் வல்லப்பட்டை இனம் அதனால் பெருகாது.

மாதிரி வினா
"பயிர்ச்செய்கை மட்டும் காட்டு மரத்தைக் காக்காது." விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: நட்ட மரம் முதிரும் வரை காத்திருக்க வேண்டும், காட்டு மரத்தைத் திருடுபவனுக்கு அந்தச் செலவில்லை. களவு மரத்தைத் தோட்ட மரமென விற்கவும் இடமுண்டு. ஆகவே பயிர்ச்செய்கையுடன் காவலும் அனுமதிப்பத்திரச் சோதனையும் அவசியம்.